2 கிட்டார், 14 கம்பி: ஓர் அப்பாவும் மகனும் வாசித்த ஆல்பத்தின் கதை

1/
மக்களே, இன்று சுகர், பிரஷர் எதுவும் இல்லை. ஒரு ஜாஸ் கிட்டார் ஆல்பத்தின் கதை. 1980-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. பெயரே ஒரு வாய்ப்பாடு: "2×7=14". வாசித்தது ஓர் அப்பாவும் அவருடைய மகனும். கொஞ்சம் நீளமான இழை. நைட் டியூட்டி முடிச்சுட்டு எழுதுறேன். நீங்களும் டீயோட உட்காருங்க.

2/
முதலிலேயே சொல்லிடறேன். எனக்கு ராகமும் தெரியாது, ஜாஸ் முறையாகக் கற்றதும் இல்லை. கேட்பேன், அவ்வளவுதான். இந்த அப்பா, மகனை எனக்கு அறிமுகப்படுத்தியதே ஓர் இறப்புச் செய்தி. 2020 ஏப்ரலில் படித்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அப்பாவைப் பார்ப்போம்.

3/
அப்பாவின் பெயர் பக்கி பிஸ்ஸரெல்லி. சிரிக்காதீங்க! நம்ம ஊரில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு எனக்கும் தெரியும். நிஜப் பெயர் ஜான் பால் பிஸ்ஸரெல்லி. அவருடைய அப்பாவுக்கு கௌபாய் உலகத்தின் மேல் தீராத ஆசை. மான்தோலைக் குறிக்கும் 'பக்ஸ்கின்' என்ற சொல்லைச் சுருக்கி மகனைச் செல்லமாக அப்படிக் கூப்பிட்டார். 94 வயது வரை அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

4/
பிறந்தது 1926 ஜனவரி 9-ம் தேதி. ஊர் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள பேட்டர்சன். பட்டு ஆலைகள் நிறைந்திருந்ததால் 'பட்டு நகரம்' என்று பெயர் எடுத்த தொழிலாளர் ஊர். இத்தாலியில் இருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் அங்கே ஏராளம். பக்கியின் வீட்டில் மளிகைக் கடை வைத்திருந்தார்கள். மாமாக்கள் பீட், பாபி டொமினிக் இருவரும் தொழில்முறை இசைக்கலைஞர்கள்.

5/
இந்த மாமாக்கள்தான் பக்கிக்கு குரு. சிலபஸ் கிடையாது, பரீட்சை கிடையாது. உறவுக்காரர்கள் ஒரு வீட்டில் கூடுவார்கள். ஆளுக்கொரு கிட்டாரை எடுத்து வாசிப்பார்கள். சின்னப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து பெரியவர்கள் விரலைப் பார்ப்பான், அதேபோல வைத்துப் பார்ப்பான், தப்பு வரும், மறுபடி வைப்பான். இந்த "பக்கத்தில் உட்கார்ந்து" என்பதை ஞாபகம் வச்சுக்கோங்க. இந்த இழை முழுக்க அதுதான் விஷயம்.

6/
பதினெட்டு வயதை எட்டும் முன்பே வான் மன்றோ என்ற பிரபலப் பாடகரின் நடன இசைக்குழுவில் இடம் கிடைத்தது. அதற்குள் இரண்டாம் உலகப்போர். ராணுவத்துக்குப் போனார். ஐரோப்பாவிலும் பிலிப்பைன்ஸிலும் சேவை. 1946-ல் திரும்பி வந்து அதே குழுவில் சேர்ந்தார். ஊர் ஊராகப் பேருந்தில் போய் வாசிக்கும் வாழ்க்கை. 1952-ல் அதற்கும் ஒரு முடிவு வந்தது: என்.பி.சி. வானொலி, தொலைக்காட்சி நிறுவனத்தில் மாதச் சம்பளக் கலைஞர்.

7/
மாதச் சம்பளக் கலைஞர் என்றால்? காலையில் ஸ்டுடியோவுக்குப் போகணும். முன்னால் என்ன இசைத்தாளை வைக்கிறார்களோ அதைப் பிசகாமல் வாசிக்கணும். விளம்பரமா, நாடகமா, யாரோ ஒரு பாடகருக்கா, கேள்வியே கிடையாது. எங்க ஓ.பி. மாதிரிதான், யார் வந்தாலும் பார்க்கணும்! 50-களிலும் 60-களிலும் நியூயார்க்கில் பதிவான எத்தனையோ இசைத்தட்டுகளில் பக்கியின் கிட்டார் இருக்கிறது. பலவற்றின் அட்டையில் பெயர் இருக்காது.

8/
அந்தக் கிட்டார் அங்கே என்ன செய்தது? நம்மிடம் அதற்கு அழகான ஒரு வார்த்தை இருக்கிறது: பக்கவாத்தியம். பாடுகிறவர் மேலே பறக்கும்போது கீழே தரை நழுவாமல் பார்த்துக்கொள்வது. நல்ல பக்கவாத்தியம் இருந்தால் கேட்பவர் அதைக் கவனிக்கவே மாட்டார். இல்லாவிட்டால்தான் தெரியும். (டாக்டர் ஆச்சே, ரெண்டு தடவை 'பக்கவாதம்'னு டைப் பண்ணி அழிச்சேன். அதுவும் இந்தக் கதையில் வரும்.)

9/
ஜாஸில் இந்தக் கலைக்கு ஒரு பிதாமகர் உண்டு. ஃப்ரெடி கிரீன். கவுன்ட் பேஸி இசைக்குழுவில் 1937-ல் சேர்ந்து 1987-ல் இறக்கும் வரை, ஐம்பது வருடம் அதே நாற்காலி. தனி ஆவர்த்தனம் என்று வாசித்தது மிக மிகக் குறைவு. ஒரு தாளச் சுற்றுக்கு நாலு தட்டு, அவ்வளவுதான். அந்த நாலு தட்டின் மேல்தான் அத்தனை பெரிய குழுவும் நின்றது. பக்கியும் அதே ஜாதிக் கலைஞர். ஆனால் அவர் கையில் கூடுதலாக ஒன்று இருந்தது: ஏழாவது கம்பி.

10/
சாதாரண கிட்டாருக்கு ஆறு கம்பி. 1930-களின் கடைசியில் ஜார்ஜ் வான் எப்ஸ் என்ற ஜாஸ் மேதை, எபிஃபோன் நிறுவனத்திடம் சொல்லி ஏழு கம்பி கிட்டார் செய்யவைத்தார். அந்த ஏழாவது கம்பி மற்ற ஆறையும் விடத் தடிமன். ஆறாவது கம்பியின் ஸ்வரம் சுமார் 82 ஹெர்ட்ஸ். ஏழாவது 55 ஹெர்ட்ஸ் வரை கீழே இறங்கும். இறங்கினால் என்ன? கிட்டாருக்குள்ளேயே ஒரு பேஸ் கிட்டார் வந்துவிடும். கட்டைவிரல் பேஸைப் பார்த்துக்கொள்ளும், மற்ற விரல்கள் மெட்டையும் கார்ட்ஸையும் பார்த்துக்கொள்ளும்.

11/
வான் எப்ஸ் வாசித்ததைக் கேட்ட பக்கி, 60-களின் கடைசியில் ஏழு கம்பிக்கு மாறினார். வயது நாற்பதைத் தாண்டியாச்சு. கை நிறைய வேலை இருக்கிறது, பெயர் இருக்கிறது. அந்த வயதில் மறுபடி மாணவனாகிப் புதுக் கருவியில் விரல் பழக்குவது சும்மா இல்லை. நம்மில் எத்தனை பேர் நாற்பதுக்கு மேல் புதுசா ஒண்ணு கத்துக்கறோம்?

12/
இப்போது கதையின் திருப்பம். 1964 முதல் ஜானி கார்சனின் 'டுநைட் ஷோ' இசைக்குழுவில் பக்கி இருந்தார். அமெரிக்கா முழுக்க இரவில் பார்த்த நிகழ்ச்சி. நிலையான வருமானம். 1972-ல் அந்த நிகழ்ச்சி நியூயார்க்கில் இருந்து கலிஃபோர்னியாவுக்கு மாறியது. போனால் நல்ல வேலை தொடரும். பக்கி போகவில்லை. மனைவி ரூத், நாலு பிள்ளைகள், அவர்களுடைய பள்ளிக்கூடம் எல்லாம் நியூ ஜெர்சியில். அங்கேயே இருந்துவிட்டார்.

13/
டிரான்ஸ்ஃபர் ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு ராத்திரி தூங்காமல் புரண்டவர்களுக்கு இந்த முடிவின் கனம் புரியும். பதவி உயர்வை வேண்டாம் என்று சொன்ன அப்பாக்கள் பற்றி யாரும் புத்தகம் எழுதுவதில்லை. அந்த வருடம் மூத்த மகன் ஜானுக்கு 12 வயது. பக்கி அப்போது கிளம்பிப் போயிருந்தால், இந்த இழையே இருந்திருக்காது என்பது என் கணிப்பு.

14/
அந்த வீடு எப்படிப்பட்ட வீடு? பென்னி குட்மன், லெஸ் பால், ஜூட் சிம்ஸ் என்று ஜாஸ் உலகின் பெரிய தலைகளோடு அப்பாவுக்குத் தொழில், நட்பு. பிள்ளைகளுக்கு அவர்கள் எல்லாம் அப்பாவின் சிநேகிதர்கள். மகள் மேரி கிட்டார் கலைஞர். இளைய மகன் மார்ட்டின் பேஸ் வாசிப்பவர். ஜான் சின்ன வயதில் பேஞ்சோ, பிறகு கிட்டார், பள்ளியிலும் கல்லூரியிலும் டிரம்பெட். அந்த வயதுக்கே உரிய ராக் இசைப் பைத்தியமும் உண்டு. மகனுக்கும் அப்பா பெயரேதான் என்பதால் அட்டையில் 'ஜூனியர்' என்று போட்டுக்கொண்டார்.

15/
1980. ஜானுக்கு 20 வயது, பக்கிக்கு 54. ஸ்டாஷ் ரெக்கார்ட்ஸ் என்ற சின்ன நிறுவனத்தின் வெளியீடாக "2×7=14" வருகிறது. இரண்டு பேர் கையிலும் ஏழு கம்பி கிட்டார். ரெண்டேழு பதினாலு. கணக்கு சரியா வந்துடுச்சா? ஆனால் இந்தக் கணக்குக்குள் ஒரு சிக்கல் இருக்கிறது. அதைச் சொன்னால்தான் அப்பா என்ன செய்தார் என்பது புரியும்.

16/
ஒரே கருவி இரண்டு இருந்தால் ஆபத்து. இரண்டின் குரலும் ஒன்று. இருவரும் ஒரே உயரத்தில் பேச ஆரம்பித்தால், டிவி விவாதம் மாதிரி யார் என்ன சொல்றாங்கன்னே புரியாது. அதனால் ஒருவர் பேசும்போது மற்றவர் இடம் விடணும். எப்போது இறங்கி நிற்பது, எப்போது ஏறுவது, எப்போது இரண்டு பேரும் கைகோத்து ஓடுவது என்று ஒவ்வொரு நொடியும் காது திறந்திருக்கணும்.

17/
அனுபவம் உள்ளவர் நினைத்தால் புதியவரை மூன்றே நிமிடத்தில் அமுக்கிவிட முடியும். பக்கி அப்படிச் செய்யவில்லை. மகன் மெட்டைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும்போது, அப்பா கீழே இறங்குகிறார். அந்தத் தடித்த கம்பியில் பேஸ் நடை போடுகிறார். நடுவில் கார்ட்ஸால் தாளம் தட்டுகிறார். மகன் எங்கே கால் வைத்தாலும் அங்கே தரை இருக்கிறது. பிறகு முறை மாறுகிறது. இப்போது மகன் தரை போடணும், அப்பா பறக்கணும். பாடம் அங்கேதான் நடக்கிறது.

18/
இதைக் கேட்கும்போது எனக்கு என் ஹவுஸ் சர்ஜன் நாட்கள் ஞாபகம் வரும். ராத்திரி 2 மணி, பைக்கில் விழுந்த ஒருவர், தலையில் பெரிய காயம். அதுவரை நான் தையல் போட்டதை விடப் பார்த்ததுதான் அதிகம். டியூட்டி சீனியர் நீடில் ஹோல்டரை என் கையில் கொடுத்துவிட்டு, தான் விளக்கைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றார். "போடு, நான் இருக்கேன்ல" என்றார். அவர் போட்டிருந்தால் ஐந்து நிமிடம். நான் போட்டு முடிக்க அரை மணி நேரம். ஒரு தடவை கூட கையைப் பிடுங்கவில்லை. நூல் வெட்டிக் கொடுத்தார், அவ்வளவுதான்.

19/
ஆபரேஷன் தியேட்டரில் ஒரு ரகசியம் உண்டு. நல்ல சர்ஜன் யார் என்பது அவர் ஆபரேஷன் செய்யும்போது பாதிதான் தெரியும். ஜூனியரைச் செய்யவிட்டு, தான் அசிஸ்ட் பண்ணும்போதுதான் முழுசா தெரியும். ஜூனியருக்கு எல்லாமே சுலபமாக இருப்பது போலத் தோன்றும். வெளியே வந்து "நானே பண்ணிட்டேன்"னு சொல்லுவோம். எதிர்ப்பக்கம் நின்ற கை என்ன செய்தது என்பது பல வருஷம் கழித்துத்தான் உறைக்கும்.

20/
ஜானுக்கும் உறைத்ததோ இல்லையோ, குறும்புக்குக் குறைச்சல் இல்லை. 1983-ல் தனியாகப் பாடி வெளியிட்ட முதல் ஆல்பத்தின் தலைப்பிலேயே "நான் லேட்டஸ்ட் ஆளு, எங்கப்பாகிட்ட சொல்லிடாதீங்க" என்கிற மாதிரி ஒரு கிண்டல்! 1984-ல் மறுபடி அப்பாவோடு 'ஸ்விங்கிங் செவன்ஸ்'. அதிலும் அந்த ஏழு வந்துவிட்டது. 90-களில் ஜான் பாடகராகவும் பெயர் எடுத்தார். 1993-ல் ஃபிராங்க் சினாட்ராவின் கச்சேரிகளுக்கு முன்னால் வாசிக்கும் அளவுக்கு வளர்ந்தார்.

21/
மகன் பிரபலமான பிறகு அப்பாவோடு வாசிப்பதை விட்டுவிட்டாரா? இல்லை. 1999-ல் 'கான்ட்ராஸ்ட்ஸ்', 2007-ல் 'ஜெனரேஷன்ஸ்' என்று ஜோடி ஆல்பங்கள் தொடர்ந்தன. 2012-ல் பால் மெக்கார்ட்னி பழைய பாடல்களைப் பாடி ஓர் ஆல்பம் வெளியிட்டார். அதில் கிட்டார் வாசித்தவர்கள் பட்டியலில் அப்பா, மகன் இருவர் பெயரும் இருக்கும். அப்போது பக்கிக்கு 86 வயது. முதல் ஆல்பத்தில் ஒருவர் தாங்க, இன்னொருவர் ஏறினார். முப்பது வருடத்தில் யார் யாரைத் தாங்குவது என்ற கேள்வியே தேவை இல்லாமல் போய்விட்டது.

22/
இப்போது நான் டைப் செய்து அழித்த வார்த்தைக்கு வருவோம். 90 வயதை ஒட்டி பக்கிக்குப் பக்கவாதம் வந்தது. நிமோனியாவும் சேர்ந்துகொண்டது. அதோடு முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் மனிதர் மறுபடி கிட்டாரோடு மேடைக்கு வந்து உட்கார்ந்தார்.

23/
இது எப்படி சாத்தியம்? பல்லாயிரம் மணி நேரம் செய்து பழகிய வேலை மூளையில் ஒரே இடத்தில் குடியிருப்பதில்லை. அசைவைக் கட்டளையிடும் பகுதி, அதைச் சீராக்கும் சிறுமூளை, பழக்கத்தைச் சேமிக்கும் ஆழமான நரம்பு முடிச்சுகள், கேட்கும் பகுதி என்று பல இடங்களில் பரவி இருக்கும். ஒரு பாதை அடைபட்டால், விடாமல் பயிற்சி செய்யும்போது மீதிப் பாதைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கைகொடுக்க வாய்ப்பு உண்டு. எல்லோருக்கும் ஒரே அளவில் நடக்காது. ஆனால் பக்கவாதத்துக்குப் பிறகு பிசியோதெரபியை விட்டுடாதீங்கன்னு நாங்க கெஞ்சறது இதுக்காகத்தான்.

24/
சரி, அந்த 2020. மார்ச் 25-ல் இங்கே நாடு தழுவிய ஊரடங்கு. அங்கே நியூயார்க்கும் பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியும் கோவிட்டில் திணறிக்கொண்டிருந்தன. ஏப்ரல் 1-ம் தேதி, நியூ ஜெர்சியின் சாடில் ரிவர் ஊரில் பக்கி பிஸ்ஸரெல்லி காலமானார். வயது 94. கோவிட் என்று குடும்பம் தெரிவித்தது. அதே நாளில் நியூ ஆர்லியன்ஸில் இன்னொரு ஜாஸ் அப்பாவும் கோவிட்டால் இறந்தார்: பியானோ மேதை எல்லிஸ் மார்சாலிஸ், வயது 85. விண்டன், பிரான்ஃபோர்ட் உட்பட அவருடைய நாலு மகன்கள் இசைக்கலைஞர்கள்.

25/
ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 8-ம் தேதி பக்கியின் மனைவி ரூத்தும் போய்விட்டார். 1954-ல் திருமணம் செய்துகொண்டவர்கள். கூட்டம் கூட முடியாத, கட்டிப்பிடித்து அழ முடியாத நாட்கள் அவை. எட்டு நாளுக்குள் ஜானுக்கு அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. இடையில் ஏப்ரல் 6-ம் தேதி அவருடைய 60-வது பிறந்தநாள்.

26/
கோவிட் வார்டில் டியூட்டி முடிந்ததும் எங்களை ஒரு லாட்ஜ் அறையில் தனிமைப்படுத்துவார்கள். அங்கே படுத்துக்கொண்டு போனில் இந்தச் செய்தியைப் படித்தேன். பிறகு அந்த ஆல்பத்தைத் தேடிக் கேட்டேன். கேட்கக் கேட்க அழுகை வந்தது. காரணம் பக்கி இல்லை. வார்டில் விட்டுவிட்டு வந்த ஒரு பெரியவர்.

27/
எழுபது வயது இருக்கும். ஆக்ஸிஜன் ஓடிக்கொண்டிருந்தது. மகன் மூன்று நாளாக கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். உள்ளே விட முடியாது. பி.பி.இ. போட்டுக்கொண்டு என் போனைப் பெரியவர் காதருகே பிடித்தேன். மகன் பேச ஆரம்பித்தார், குரல் உடைந்தது. உடனே பெரியவர் மாஸ்க்கை நகர்த்திவிட்டுச் சொன்னார்: "சாப்ட்டியாப்பா? வெயில்ல நிக்காத, வீட்டுக்குப் போ." மூச்சு விடவே முடியாதவர், மகனுக்குக் கீழே தரை போட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் விடியற்காலை இறந்துவிட்டார். பக்கத்தில் மகன் இல்லை. நாங்கள் இருந்தோம். அது போதாது என்று எங்களுக்கும் தெரியும்.

28/
ஜான் பிஸ்ஸரெல்லி அந்த ஊரடங்கில் என்ன செய்தார் தெரியுமா? ஏழு கம்பி கிட்டாரை எடுத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்தார். பாட்டு இல்லை, குழு இல்லை. பேட் மெத்தீனி என்ற கிட்டார் மேதையின் இசையைத் தன் ஒற்றைக் கிட்டாருக்கு மாற்றி வாசித்தார். 2021-ல் அது 'பெட்டர் டேஸ் அஹெட்' என்ற ஆல்பமாக வந்தது. நல்ல நாட்கள் முன்னால் இருக்கின்றன என்று அர்த்தம்.

29/
இரண்டு ஆல்பத்தையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்க. 1980-ல் அப்பா போட்ட அந்தத் தாழ்ந்த பேஸ் நடையை 2021-ல் மகனின் சொந்தக் கட்டைவிரலே போடுகிறது. மேலே மெட்டும் அவரே, கீழே தரையும் அவரே. நாற்பது வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்து போன பிறகும், அவர் செய்த வேலை மகனின் கையில் நடந்துகொண்டே இருக்கிறது.

30/
டாக்டர் என்பதால் மூன்று விஷயம் சொல்லாமல் முடிக்க மாட்டேன்.
வீட்டில் யாருக்காவது திடீரென முகம் கோணினால், ஒரு பக்கக் கை தளர்ந்தால், பேச்சு குழறினால் உடனே 108. ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி போட நாலரை மணி நேரம்தான் அவகாசம். "தூங்கி எழுந்தா சரியாயிடும்"னு விடாதீங்க.
65 வயது தாண்டிய பெற்றோருக்கு ஃப்ளூ, நிமோகாக்கல் தடுப்பூசி பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்க.
மூன்றாவது, அப்பாவோ அம்மாவோ பக்கத்தில் இருந்தால், ஏதாவது ஒன்றை அவர்களோடு சேர்ந்து செய்யுங்க. சமையலோ, தோட்டமோ, கணக்கோ, பழைய பாட்டோ. விரலைப் பாருங்க.

31/
எங்க அப்பாவுக்கு கிட்டார் தெரியாது. சைக்கிள் பஞ்சர் ஒட்டத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை என் பையனைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்தார். பையன் ஒட்டினது மறுநாளே காற்று இறங்கிடுச்சு. தாத்தா ஒண்ணும் சொல்லலை. டியூபைக் கழற்றி, தண்ணீர்த் தொட்டியில் முக்கி, "எங்க குமிழி வருதுன்னு நீயே பாரு"ன்னார்.

உங்க வீட்டில் யார் யாருக்கு என்ன கற்றுக்கொடுத்தாங்கன்னு கீழே எழுதுங்க. டியூட்டி நடுவில் படிக்கிறேன்.